அறுபத்தாறு ஜாயின்ட்டுகளும் ஒரு நம்பரும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தப்பு என்னுடையது. இதை இப்படி ஒரே வரியில் சொல்ல எனக்கு மூன்று வருஷம் பிடித்தது. அப்போதும் நானாகச் சொல்லவில்லை, பல் டாக்டர் வந்து பிடுங்கி எடுத்தார்.

பல் டாக்டர் என்பது நாங்கள் வைத்த பெயர். மனிதர் பார்ப்பது இன்ஸ்பெக்டர் வேலை. பால் பதப்படுத்தும் இயந்திரங்கள் செய்கிற பெரிய கம்பெனி ஒன்றுக்கு எங்கள் பட்டறை தகட்டு வேலை செய்து கொடுக்கிறது. நாங்கள் செய்து வைத்ததை எடுத்துக்கொள்ளலாமா, கூடாதா என்று பார்த்துச் சொல்ல அந்தக் கம்பெனி அவரை அனுப்பும். கைப்பிடி வைத்த குட்டிக் கண்ணாடி ஒன்றும் பேனா மாதிரி லைட் ஒன்றும் எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். குழாய்க்குள்ளும் மூலைக்குள்ளும் கண்ணாடியை நுழைத்து, 'ஆ காட்டு' என்று சொல்லாத குறையாகப் பார்ப்பார். சிரிக்க மாட்டார், திட்டவும் மாட்டார். திட்டுகிற ஆளை எப்படியாவது சமாளித்துவிடலாம். இவரிடம் என் வித்தை எதுவும் பலித்ததில்லை.

பட்டறையில் நாங்கள் மூன்றே பேர். தகடு வளைக்கும் மிஷினில் நான் நிற்பேன், வேறு யாரையும் நிற்க விடமாட்டேன். நான் தொண்ணூறு டிகிரிக்கு வளைத்தால் தொண்ணூறு இருக்கும், எண்பத்தொன்பதரை இருக்காது. மாப்பிள்ளை, அதாவது என் தங்கச்சி வீட்டுக்காரர், தகடு வெட்டுவார், கனமான இரும்பில் ஸ்டாண்டும் ஃபிரேமும் பற்றவைப்பார், வெளியே போய் ஆர்டர் பிடித்து வருவார். வாய் சாமர்த்தியம் கொஞ்சம் அதிகம். பத்து நாள் வேலையை ஆறே நாளில் தருகிறோம் என்று அங்கே சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டுவிட்டு, இங்கே வந்து எங்கள் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து விஷயத்தைச் சொல்வார். மூன்றாவது ஆள் என் தங்கச்சி. மெல்லிய எவர்சில்வர் தகட்டில் ஆர்கான் வெல்டிங் என்றால் அது அவள் கை.

மெல்லிய தகடு பொல்லாதது. சூடு ஒரு சொட்டு கூடினால் ஓட்டை விழும், குறைந்தால் ஒட்டாது, இரண்டுக்கும் நடுவில் கை தயங்கினால் தகடு நெளிந்துகொண்டு நிற்கும். கன இரும்பில் மாப்பிள்ளை சூரர்தான், ஆனால் மெல்லிய தகட்டில் அவர் கை வைத்தால் சல்லடை கிடைக்கும். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவர் காய்ச்சலில் படுத்திருந்த ஒரு வாரத்தில், அவசர வேலை ஒன்று பாதியில் நின்றது. அப்போதெல்லாம் தங்கச்சி ஆபீஸ் மேஜையில் உட்கார்ந்து டிராயிங் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து வந்து மாஸ்க்கை மாட்டிக்கொண்டாள். வேண்டாம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் ஒரு சாண் நீளம் போட்டுவிட்டாள். சின்னச் சின்னப் பிறைகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி வைத்தது போல அவ்வளவு சீராக இருந்தது. மாசக்கணக்காக மதியச் சாப்பாட்டு நேரத்தில், நாங்கள் இரண்டு பேரும் வீட்டுக்குப் போயிருக்கும்போது, கழிவுத் தகட்டில் பழகியிருக்கிறாள் என்பது பிறகுதான் தெரிந்தது. எழுதுவதும் இடது கை, வெல்டிங் டார்ச் பிடிப்பதும் இடது கை. அன்றிலிருந்து பட்டறையில் மெல்லிய தகடு எல்லாம் அவளுடையதுதான்.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். அந்தப் பெரிய கம்பெனியில் ஒரு விதி உண்டு. வெல்டர் ஒவ்வொருவரும் அவர்கள் வைக்கும் பரீட்சையில் தேறி ஒரு நம்பர் வாங்க வேண்டும். எந்த ஜாயின்ட்டை யார் போட்டாரோ அவர் நம்பரை அதன் பக்கத்திலேயே நம்பர் பஞ்ச் என்கிற எண் பொறித்த இரும்பு அச்சை வைத்துச் சுத்தியலால் அடித்துப் பதிக்க வேண்டும். நாளைக்கு ஜாயின்ட் விட்டுக்கொண்டால் யார் கை என்று தெரிய வேண்டும் அல்லவா, அதற்காக. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர்களுடைய முதல் ஆர்டர் வந்தபோது மாப்பிள்ளை போய்ப் பரீட்சை கொடுத்தார். கனத் தகட்டில் நேர்மையாகத்தான் தேறினார். பதினேழாம் நம்பர் கொடுத்தார்கள். வந்த வேலை எல்லாம் மெல்லிய தகடு. ஜாயின்ட் போட்டவள் தங்கச்சி. பக்கத்தில் பதினேழு என்று அடித்தவன் நான்.

அவள் கேட்காமல் இல்லை. முதல் வருஷமே கேட்டாள், அடுத்த பரீட்சைக்கு என் பேரையும் எழுதிக் கொடுங்களேன் என்று. அவசர வேலை இருக்கிறது, ஒரு நாள் பட்டறையை மூட முடியாது என்றேன். இரண்டாம் வருஷம் கேட்டபோது, நம்பரில் என்ன இருக்கிறது, வேலை நடக்கிறதா இல்லையா என்றேன். பெண் வெல்டர் என்று தெரிந்தால் ஆர்டர் தர யோசிப்பார்கள் என்றும் ஒரு கதை அளந்தேன். யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். உண்மைக் காரணம் எனக்கு மட்டும் தெரியும். தங்கச்சி கையால் அண்ணன் பட்டறை ஓடுகிறது என்று தொழிலில் நாலு பேர் சொல்லிவிடுவார்களோ என்று எனக்குப் பயம். அவ்வளவு கேவலமான பயம். மூன்றாம் வருஷம் அவள் கேட்கவே இல்லை. நான் பஞ்ச்சை எடுக்கும்போது மட்டும் எழுந்து போய்க் கை கழுவுவாள்.

மாப்பிள்ளைக்கும் இது தொண்டையில் சிக்கிய முள். கம்பெனிக்குப் போகும்போதெல்லாம் பதினேழாம் நம்பர் நீங்கள்தானா, என்ன கை சார் உங்களுக்கு என்று யாராவது கையைப் பிடித்துக் குலுக்குவார்களாம். அசடு வழிய நின்றுவிட்டு வருவார். வந்த பிறகு அன்று முழுக்கத் தங்கச்சியிடம் தேவைக்கு மேல் பணிவாக இருப்பார். நான் அதைப் பார்த்துக் கிண்டல் செய்வேன்.

இப்படி இருக்கும்போதுதான் டேங்க் ஆர்டர் வந்தது. அதுவரை மூடி, தட்டு, சரிவுப் பாதை என்று சில்லறை வேலைதான் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இது ஆறு டேங்க். ஆள் உயரம், இரண்டு மில்லி தகடு, அடியில் கிண்ணம் போன்ற வளைவு, மூன்று கால், பால் வெளியேற ஒரு குழாய். டேங்க் ஒன்றுக்குப் பதினோரு ஜாயின்ட். இது தேறினால் டேங்க் செய்யும் பட்டறைகளின் லிஸ்டில் எங்கள் பெயர் ஏறும். உருட்டியது, வளைத்தது எல்லாம் நான், வெட்டியது மாப்பிள்ளை, சேர்த்தது தங்கச்சி. ஆறும் வரிசையாக நின்றபோது பட்டறையே பளபளத்தது. நான் ஒவ்வொரு கட்டத்திலும் போட்டோ எடுத்துக் கம்பெனிக்கு அனுப்பிக்கொண்டே இருந்தேன். பெருமை தாங்கவில்லை.

பல் டாக்டர் காலையில் வந்தார். உள்பக்கம் பார்த்தார், மேல் மூடி பார்த்தார், தலையை ஆட்டினார். பிறகு தரையில் ஒரு அட்டையை விரித்து, அதன்மேல் மல்லாந்து படுத்து, முதல் டேங்கின் அடியில் குழாய் சேரும் இடத்தில் கண்ணாடியை நீட்டினார். நீட்டியவர் எழுந்திருக்கவே இல்லை. தூங்கிவிட்டாரோ என்று மாப்பிள்ளை என் காதில் கேட்டார். எழுந்து இரண்டாவது டேங்குக்குப் போனார், அங்கேயும் அதே இடம். ஆறையும் பார்த்து முடித்து, கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, பதினேழாம் நம்பர் யார் என்று கேட்டார்.

மாப்பிள்ளை ஒரு அடி முன்னால் வந்தார்.

பல் டாக்டர் விளக்கினார். குழாயை ஒட்டி இரண்டு விரல் இடைவெளியில் வலப்பக்கம் டேங்கின் ஒரு கால் நிற்கிறது. வலது கைக்காரர் அந்த ஜாயின்ட்டைப் போட்டால் பாதியில் டேங்கின் கால் இடிக்கும். நிறுத்திவிட்டு, மறுபக்கம் போய், மீதியைப் போட்டுச் சேர்க்க வேண்டும். சேர்ந்த இடத்தில் ஒரு முடிச்சு விழும். இங்கே ஆறு டேங்கிலும் முடிச்சே இல்லை, குழாயைச் சுற்றி ஒரே ஓட்டமாகப் போயிருக்கிறது. சொல்லிவிட்டு மாப்பிள்ளையின் வலது கையைப் பார்த்தார். கையெழுத்துப் போடத் தயாராக அதில்தான் பேனா இருந்தது.

"இதை வலது கையால எப்படிப் போட்டீங்கன்னு எனக்கு ஒரு தடவை காட்டுங்க."

நான் முந்திக்கொண்டேன். டேங்கின் காலைப் பிறகுதான் வைத்தோம், ஜாயின்ட் போடும்போது இடைஞ்சல் இல்லை என்று சரளமாக ஒரு பொய் சொன்னேன். பல் டாக்டர் போனை எடுத்து ஒரு போட்டோவைக் காட்டினார். மூன்று காலும் வைத்தாகிவிட்டது, குழாய் இன்னும் வரவில்லை. நான் எடுத்து நானே அனுப்பிய போட்டோ. ஓரத்தில் என் கட்டைவிரல் கூடத் தெரிந்தது.

வாய் சாமர்த்தியத்துக்குப் பெயர் போன மாப்பிள்ளை இப்போது என்ன கதை விடப்போகிறாரோ என்று பார்த்தேன். அவர் பேனாவைச் சட்டைப் பையில் செருகினார். கையைக் கட்டிக்கொண்டார்.

"நான் போடல சார். என் பொண்டாட்டி போட்டது. மூணு வருஷமா எல்லாமே அவ போட்டதுதான்."

இத்தனை வருஷமாக நான் கேலி பண்ணிய மனிதர் அவர். அந்த ஒரு நிமிஷத்தில் எனக்கு இரண்டு தலை உயரமாகத் தெரிந்தார்.

தங்கச்சி மாஸ்க்கை நெற்றிமேல் தூக்கிவிட்டுக்கொண்டு வந்தாள். பல் டாக்டர் அவளிடம் அந்த மூலையைப் போட்டது எப்படி என்று கேட்டார். தரையில் எப்படிப் படுத்தாள், இடது தோளை டேங்கின் காலுக்கு எந்தப் பக்கம் வைத்தாள், எங்கே தொடங்கி எங்கே முடித்தாள் என்று ஒன்று விடாமல் சொன்னாள். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் அவள் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில் விதியைச் சொன்னார். ஒருவர் போட்ட ஜாயின்ட்டில் இன்னொருவர் நம்பர் இருந்தால், பொருளைத் திருப்பி அனுப்ப வேண்டும், பட்டறையை லிஸ்டிலிருந்து எடுத்துவிட வேண்டும். அவர் குரலில் கோபம் கிடையாது, இரக்கமும் கிடையாது.

தங்கச்சி நகரவில்லை.

"ஜாயின்ட்ல ஏதாவது குறை இருக்கா சார்?"

"ஜாயின்ட்ல குறை இல்ல. நம்பர்லதான்."

"அப்ப நம்பரைச் சரி பண்ணலாம். எனக்குப் பரீட்சை வைங்க. இன்னைக்கே, இங்கேயே வைங்க."

பல் டாக்டர் வாசலுக்குப் போய் ஆபீஸுக்குப் போன் பண்ணினார். நாங்கள் மூன்று பேரும் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றோம். திரும்பி வந்து, ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்றார். அவர் கண்ணெதிரே அவள் ஒரு ஜாயின்ட் போட வேண்டும். தேறினால் அவளுக்கென்று நம்பர், டேங்குகளின் பேப்பரில் திருத்தம், எனக்கும் மாப்பிள்ளைக்கும் எழுத்தில் ஒரு எச்சரிக்கை. தேறாவிட்டால் ஆறு டேங்கும் திரும்பும், பட்டறையும் லிஸ்டில் இருக்காது. முதல் தடவை தவறினால் மட்டும் ஒரே ஒரு மறுவாய்ப்பு உண்டு. இதையெல்லாம் கேட்டபோது தங்கச்சி முகத்தில் ஒரு மலர்ச்சி வந்தது. மூன்று வருஷமாகக் கேட்டது இப்படியாவது கிடைத்ததே என்கிற மலர்ச்சி. அதைப் பார்த்தபோது என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

தகடு இரண்டு துண்டு பல் டாக்டரே தேர்ந்தெடுத்தார். நாங்கள் மாற்றி வைத்துவிடாமல் இருக்க மூலையில் தன் அடையாளத்தை அடித்தார். செங்குத்தாக நிறுத்தி, கீழிருந்து மேலே போட வேண்டும். படுக்கையில் போடுவதைவிட இது கஷ்டம், உருகியது கீழே வழியப் பார்க்கும். தங்கச்சி ஓரங்களை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தாள், உருக்கிச் சேர்க்கும் ஃபில்லர் கம்பியையும் துடைத்தாள், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மாஸ்க் இறங்கியது. டார்ச் பற்றியது.

கால்வாசி தூரம் அழகாகப் போனது. திடீரென்று சத்தம் மாறியது. சீராக இருந்த ஓசை படபடவென்று பொரிய ஆரம்பித்தது. தங்கச்சி நிறுத்தி, மாஸ்க்கைத் தூக்கினாள். வெள்ளி போல வந்துகொண்டிருந்த ஜாயின்ட் மேல் நுனியில் கறுத்து, குண்டூசித் துளைகளாக இருந்தது. உருகும் இடத்தை மூடிக் காக்கிற ஆர்கான் காற்று கலைந்து போய்விட்டால்தான் இப்படி ஆகும். நான், தங்கச்சி, பல் டாக்டர் மூன்று பேரும் ஒரே சமயத்தில் திரும்பிப் பார்த்தோம். மாப்பிள்ளை பெரிய ஃபேன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். ஃபேன் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

ஆர்கான் வெல்டிங் பக்கத்தில் ஃபேன் போடக் கூடாது என்பது பட்டறைக்குப் பால் கொண்டுவருகிறவருக்குக்கூடத் தெரியும். பதினைந்து வருஷம் தொழிலில் இருக்கிற மனிதர் இவர்.

"சாருக்கு வேர்த்துச்சு. அதான் கொஞ்சம் காத்து வரட்டுமேன்னு."

தங்கச்சி பார்த்த பார்வைக்கு ஃபேன் தானாகவே நின்றிருக்க வேண்டும். நான்தான் ஓடிப் போய் நிறுத்தினேன். பல் டாக்டர் நோட்டுப் புத்தகத்தில் முதல் வாய்ப்பு முடிந்தது என்று எழுதினார். காரணம் என்ன என்று எழுதினாரா தெரியாது. மாப்பிள்ளை சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றார். வேறொரு நாளாக இருந்தால் நான் அவரை விட்டிருக்க மாட்டேன். அன்று எனக்கு எந்த வாய் இருந்தது, யாரைச் சொல்ல?

இரண்டாவது தகடு. பல் டாக்டர் மறுபடி அடையாளம் அடித்தார். தங்கச்சி தண்ணீர் குடித்தாள். கண்ணாடி அணிகிறவர்கள் அவசரப்படாமல் துடைப்பது போல மாஸ்க்கின் கறுப்புக் கண்ணாடியைத் துடைத்தாள். எல்லா ஜன்னலையும் நான் சாத்தினேன், கதவையும் சாத்தினேன், மூச்சையும் ஏறக்குறைய சாத்திக்கொண்டேன். அவள் தொடங்கினாள். நான் பக்கத்தில் இன்னொரு மாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். ஆறு வருஷமாகப் பத்தடி தூரத்தில் நடந்ததை அன்றுதான் நான் முதன்முதலில் உட்கார்ந்து பார்த்தேன் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். கறுப்பில் ஒரு பச்சை வெளிச்சம், அதற்கு அடியில் உருகிய ஒரு சொட்டு. கம்பி தொட்டு எடுக்கும், சொட்டு ஒரு நூலளவு மேலே ஏறும், மறுபடி தொடும், மறுபடி ஏறும். வலது கை கம்பியை விரல்களுக்குள் தள்ளித் தள்ளிக் கொடுத்துக்கொண்டே இருந்தது. இடது கை டார்ச்சோடு ஒரே சீராக மேலே ஏறியது. மேல் விளிம்பு வந்ததும் சட்டென்று எடுக்காமல், சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து முடித்தாள்.

பல் டாக்டர் முன்னும் பின்னும் கண்ணாடி வைத்துப் பார்த்தார். பார்வைக்குச் சரி என்றார். இனி வளைத்துப் பார்க்க வேண்டும்.

அங்கேதான் எனக்குப் பொறி வைத்திருந்தது. ஜாயின்ட் போட்ட தகட்டைக் குறுக்கே நாலு பட்டையாக வெட்டி, ஜாயின்ட் நடுவில் வரும்படி முழுக்க மடிக்க வேண்டும். இரண்டு பட்டையில் முன்பக்கம் வெளியே, இரண்டில் பின்பக்கம் வெளியே. எங்கேயாவது விரிசல் கண்டால் தோல்வி. மடிக்க வேண்டிய மிஷின் என் மிஷின். மிதிக்க வேண்டிய கால் என் கால். வேறு யாராவது செய்யட்டுமே என்று பார்த்தேன், வேறு யார் இருக்கிறார்கள். இத்தனை வருஷம் யாரையும் நிற்க விடாமல் வைத்திருந்ததற்குப் பலன்.

பட்டைகளை வெட்டி, ஓரங்களை அரத்தால் தேய்த்தேன். வெட்டிய ஓரத்தில் பிசிறு இருந்தால் மடிக்கும்போது அங்கிருந்து விரிசல் கிளம்பும், பழி ஜாயின்ட்மேல் விழும். மூன்று பட்டையை நன்றாகத் தேய்த்தேன். நாலாவதில் என்னவோ கை ஓய்ந்துவிட்டது. முதல் பட்டையை மிஷினில் வைத்து, ஜாயின்ட்டின் நடுக்கோடும் மேல் அச்சின் முனையும் ஒன்றாக இருக்கிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து மிதித்தேன். அச்சு இறங்கியது. பிறகு எடுத்துத் தட்டையாக அழுத்தினேன். பல் டாக்டர் வளைவின் முதுகில் பேனா லைட்டை அடித்துப் பார்த்தார். விரிசல் இல்லை. இரண்டாவது, விரிசல் இல்லை. மூன்றாவது மடியும்போது மிஷின் லேசாக முனகியது, எனக்கு உயிர் போய் வந்தது. அதிலும் விரிசல் இல்லை.

நாலாவதை வைக்கப் போனபோது தங்கச்சி என் மணிக்கட்டைப் பிடித்தாள். பட்டையை வாங்கி ஓரத்தில் கட்டைவிரலை ஓட்டினாள். என்னிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"பிசிறு இருக்கு அண்ணா. தேய்."

நான் அரத்தை எடுத்தேன். ஒரு பக்கம் தேய்த்து, மறுபக்கம் தேய்த்து, அவளிடமே நீட்டினேன். விரலை ஓட்டிப் பார்த்துத் தலையசைத்த பிறகுதான் மிஷினில் வைத்தேன். மிதித்தபோது கண்ணை மூடிக்கொண்டேன். இருபது வருஷத்தில் இந்த மிஷினை நான் கண்ணை மூடிக்கொண்டு மிதித்தது அந்த ஒரு தடவைதான், நீங்கள் யாரும் அப்படிச் செய்யாதீர்கள்.

பல் டாக்டர் நாலாவதை வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துக்கொண்டு போனார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். குட்டிக் கண்ணாடியையும் பேனா லைட்டையும் சட்டைப் பையில் வைத்தார்.

"தேறிட்டீங்கம்மா. உங்க நம்பர் நாற்பத்து மூணு."

மாப்பிள்ளை சுவரிலிருந்து பிய்ந்து வந்து கைதட்டினார். தட்டிக்கொண்டே அழுதார். இனிமேல் யாராவது என் கையைப் பிடித்துக் குலுக்கினால் வீட்டுக்கு அனுப்பிவைக்கிறேன், அங்கே வந்து சரியான கையைப் பிடித்துக் குலுக்கட்டும் என்றார். தங்கச்சி சிரித்தாள். வாய்விட்டு, பட்டறை எதிரொலிக்கும்படி சிரித்தாள். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, கூடவே வெட்கமாகவும் இருந்தது. இரண்டையும் பிரிக்கத் தெரியவில்லை.

பல் டாக்டர் கிளம்பவில்லை. மறுபடியும் அட்டையை விரித்துக் குழாய் மூலையை ஒரு தடவை படுத்துப் பார்த்தார். எழுந்து, முதல் தடவையாகக் கொஞ்சம் மனுஷன் மாதிரி பேசினார். இதே டேங்கை வேறு இரண்டு பட்டறையும் செய்து தருகின்றனவாம். எல்லாவற்றிலும் அந்த மூலையில் முடிச்சு, அந்த முடிச்சில்தான் ஒழுகல். டிராயிங்கை மாற்றலாமா என்று ஆபீஸில் ஒரு மாசமாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறார்களாம்.

"காலையில நான் ஆளைப் பிடிக்க வரலைங்க. முடிச்சு இல்லாமப் போட்டது யாருன்னு தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன். மத்தவங்க டேங்க் அடிப்பாகமும் இனிமே இவங்க கைக்கு வரட்டும்னு எழுதப் போறேன்."

அந்த ஒரு கேள்விக்கு நான் நேராகப் பதில் சொல்லியிருந்தால் அந்தப் பொய்யும் இல்லை, என் போட்டோவிலேயே நான் மாட்டியிருக்கவும் மாட்டேன். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். கிண்டல் செய்ய இதைவிட நல்ல சமயம் அவருக்குக் கிடைக்காது. அவர் பல் டாக்டரின் அட்டையை மடித்து வைக்கப் போனார், அதுதான் இன்னும் உறைத்தது.

போவதற்கு முன் பல் டாக்டர் கடைசி விதியைச் சொன்னார். பழைய நம்பரை அழிக்கக் கூடாது. அதன்மேல் ஒரு கோடு மட்டும் போட்டு, பக்கத்தில் சரியான நம்பரை அடிக்க வேண்டும். இரண்டும் படிக்கும்படி இருக்க வேண்டும். ஆறு டேங்க், பதினோரு ஜாயின்ட், மொத்தம் அறுபத்தாறு.

அவர் போன பிறகு நான் நம்பர் பஞ்ச்சையும் சுத்தியலையும் எடுத்தேன். துணியால் துடைத்து, இரண்டு கையிலும் ஏந்தித் தங்கச்சியிடம் நீட்டினேன். அவள் நம்பரை அவள்தான் அடிக்க வேண்டும், அதைப் பக்கத்தில் நின்று பார்ப்பதுதான் எனக்கு முறை என்று நினைத்தேன். ஏதோ பெரிய மனசு பண்ணிவிட்டதாகவும் நினைத்துக்கொண்டேன், பொய் சொல்வானேன். அவள் வாங்கவில்லை. கையுறையைக் கழற்றி ஸ்டூலில் போட்டுவிட்டு, அதன்மேலேயே உட்கார்ந்தாள்.

"நீயே அடி அண்ணா. மூணு வருஷம் தப்பா அடிச்ச கைதானே. அறுபத்தாறும் நீயே அடி."

மாப்பிள்ளை ஏணி போட்டு முதல் டேங்குக்குள் இறங்கினார். அடிக்கிற இடத்துக்கு உள்ளேயிருந்து இரும்புக் கட்டையை அணைத்துப் பிடிக்காவிட்டால் தகடு குழி விழுந்துவிடும். நான் பதினேழின்மேல் கோடு போட்டு, பக்கத்தில் நாலை வைத்து அடித்தேன், மூன்றை வைத்து அடித்தேன். உள்ளே இருந்த மாப்பிள்ளைக்குக் காது இரண்டும் போயிருக்கும். அடுத்தது என்றார் உற்சாகமாக. அடுத்ததை அடித்தேன்.

ஏழாவது சாய்ந்துவிட்டது என்று தங்கச்சி சொன்னாள், அவள் சொன்னது சரிதான். இருபதாவது ஆழமாக இல்லை, மறுபடி அடி என்றாள். முப்பதைத் தாண்டியபோது டீ கொண்டுவந்து கொடுத்தாள், டேங்குக்குள் ஒரு டம்ளரை நீட்டினாள். நாற்பதுக்கு மேல் என் தோள்பட்டை விட்டுப்போயிற்று, ஆனால் நான் நிறுத்தவில்லை. ஒவ்வொரு அடிக்கும் எனக்கு உள்ளே எதுவோ இளகிக்கொண்டே வந்தது. மூன்று வருஷத்தில் ஒரு நாளும் இந்தச் சுத்தியலை இவ்வளவு சந்தோஷமாக நான் தூக்கியதில்லை. குழாய் மூலை வந்தபோது அட்டையில் மல்லாந்து படுத்துத்தான் அடிக்க வேண்டியிருந்தது. அந்த இரண்டு விரல் சந்துக்குள் அவள் எப்படிக் கையை நுழைத்தாள் என்று எனக்கு அங்கே படுத்த பிறகுதான் புரிந்தது. வாய்விட்டே சொன்னேன், உன் கைக்கு ஈடு கிடையாது என்று. அது அவளுக்குக் கேட்டது. போனில் லைட்டைப் போட்டு நான் அடிக்கும் இடத்துக்கு வெளிச்சம் காட்டினாள்.

பொழுது சாயும் நேரத்தில் அறுபத்தாறாவதை அடித்து முடித்தேன். மாப்பிள்ளை ஏணியில் ஏறி வெளியே வந்து, காதைக் குடைந்துகொண்டே, முடிந்ததா என்று கத்தினார். தங்கச்சி எழுந்து வந்து குனிந்தாள். புதிதாகப் பதிந்திருந்த நாற்பத்து மூன்றின்மேல் இடது கை ஆள்காட்டி விரலை வைத்து, மெதுவாக ஒரு தடவை தடவினாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"இப்பதான் நேரா அடிச்சிருக்கே."